இல்லாத மாடியின் பெயரில் ஒரு குழு

ஆஸ்டின், டெக்சஸ்
ஆகஸ்ட் 18

அன்புள்ள மாமாவுக்கு,

நான் இங்கே நலம். நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்பதை அடுத்த முறை விவரமாகச் சொல்லுங்கள். சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீங்கள், "அந்த ஊரில் என்ன பாட்டு கேட்கிறாய்?" என்று கேட்டபோது, "நிறையக் கேட்கிறேன் மாமா" என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டேன். டவுன்ஹால் ரோட்டில் உங்கள் ரெக்கார்டிங் கடையின் ஸ்டூலில் உட்கார்ந்து, கேசட் அட்டைகளில் பாட்டுப் பெயர்களை எழுதிக் கொடுத்து வளர்ந்தவள் உங்களுக்கு அப்படி ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கக் கூடாது என்று அன்று இரவு முழுதும் மனம் உறுத்தியது. ஆகவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே வந்து 11 மாதங்கள் ஆகின்றன. வெயில் மதுரைக்குக் குறைந்ததில்லை. சில நாட்களில் 40 டிகிரியைத் தொடுகிறது. ஆனால் நம் ஊரில் எந்த வெயிலிலும் தெருவில் ஆள் இருக்கும். இங்கே நான் குடியிருக்கும் பக்கத்தில் கார்களைத்தான் பார்க்க முடிகிறது. வந்த புதிதில், அலுவலகத்தில் பேசியதைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் கழிந்த நாட்கள் பல உண்டு. பொழுது சாயும் நேரத்தில் மரங்களில் சில்வண்டுகள் ஒரே சுருதியில் இரையத் தொடங்கும். ஜன்னலருகே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

எங்கள் அலுவலகக் கட்டடத்தின் லிஃப்டில் 12-க்கு அடுத்த பொத்தான் 14. நாம் லிஃப்ட் என்பதை இங்கே எலிவேட்டர் என்கிறார்கள். 13 ஆகாத எண் என்ற நம்பிக்கையால் பல கட்டடங்களில் ஒரு மாடிக்கு அந்த எண்ணை வைப்பதே இல்லையாம். இதை எனக்கு விளக்கியவர் அங்கே காவல் பணியில் இருக்கும், எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். விளக்கிவிட்டு, அந்த இல்லாத மாடியின் பெயரில் இதே ஊரில் ஒரு ராக் குழு இருந்தது, கேட்டிருக்கிறாயா என்றார். நான் கேட்டதில்லை. உங்கள் கடையில் ஆங்கிலப் பாட்டு அடுக்கில் பீட்டில்ஸும் பிங்க் ஃபிளாய்டும் இருந்தன. அவர் சொன்ன தர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ், அதாவது '13-ஆம் மாடி லிஃப்டுகள்', இருந்ததாக நினைவில்லை. அன்று மாலையே கேட்டேன். அதன் பிறகு இந்த ஊரை நான் அவர்கள் வழியாகவே அறிந்துகொண்டு வருகிறேன்.

குழு இங்கே உருவானது 1965-இன் இறுதியில். பாடியவர் ராக்கி எரிக்சன். நான் வாரந்தோறும் காய்கறி வாங்கப் போகும் தெற்கு ஆஸ்டினில்தான் டிராவிஸ் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. முடியை வெட்டிக்கொள்ள மறுத்து, படிப்பு முடியும் தறுவாயில் அவர் விட்டு வந்த பள்ளி அது. கிட்டார் வாசித்த ஸ்டேசி சதர்லேண்டும் டிரம்ஸ் வாசித்த ஜான் ஐக் வால்டனும் மேற்கே மலைப்பாங்கான கெர்வில் என்ற சிற்றூர்க்காரர்கள். எலிவேட்டர்ஸ் என்ற பெயரைச் சொன்னவர் வால்டன். அதன் முன்னால் 13-ஆம் மாடியைச் சேர்த்தவர் கிளெமென்டைன் ஹால். அவருடைய கணவர் டாமி ஹால்தான் குழுவின் பாடல் வரிகளில் பெரும்பங்கை எழுதியவர், அதன் சிந்தனையாளர், மேடையில் ஜாடி வாசித்தவர்.

ஜாடி என்றதும் நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். நம் ஊறுகாய் ஜாடியைப் போன்ற சுட்டமண் ஜாடிதான், வாய் மட்டும் மிகக் குறுகியது. அமெரிக்கத் தென்மாநிலங்களின் பழைய நாட்டுப்புறக் குழுக்களில் அதன் வாயில் காற்றை ஊதி, பேஸ் வாத்தியத்துக்குப் பதிலாகத் தாழ்ந்த நாதத்தை எழுப்புவார்கள். டாமி ஹால் அப்படி ஊதவில்லை. மைக்கை ஜாடியின் வாயருகே பிடித்துக்கொண்டு, தன் குரலால் விரைந்த சொற்கட்டுகளைப் போன்ற ஒலிகளை அதற்குள் விட்டார். ஜாடியின் வயிற்றில் உருண்டு வெளியே வரும்போது அது மனிதக் குரலாகவும் இல்லை, வாத்தியமாகவும் இல்லை. முதலில் கேட்டபோது ரெக்கார்டில் ஏதோ பழுது என்றே நினைத்தேன். பிறகுதான், மோர்சிங் வாசிப்பவர் மிருதங்கத்தின் நடையை ஒட்டிப் போவதைப் போல, இந்த ஒலி டிரம்ஸின் காலத்தை இரட்டித்துக்கொண்டு பாட்டின் அடியில் ஓடுவது பிடிபட்டது. இவர்களுடைய இசையைச் சைகடெலிக் என்பார்கள், மனத்தின் உணர்வு நிலையை மாற்றுவது என்று பொருள். அந்தச் சொல்லுக்கு மயக்கம் தரும் வண்ணக் கோலங்கள் என்றே பலர் பொருள் கொள்கிறார்கள். இவர்களோ விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், ஒரு மண் ஜாடியாலும் ஒரு மைக்காலும் அந்த அனுபவத்தை உண்டாக்கினார்கள்.

அவர்களுடைய முதல் ஆல்பமான 'தி சைகடெலிக் சவுண்ட்ஸ் ஆஃப் த தர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ்' 1966-இல் வெளிவந்தது. அந்தச் சொல்லைத் தலைப்பிலேயே தாங்கி வந்த முதல் சில ஆல்பங்களில் ஒன்று. டல்லஸில் ஒலிப்பதிவு செய்து, ஹூஸ்டனின் இன்டர்நேஷனல் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் வெளியிட்டது. 11 பாடல்கள். முதல் பாடலான 'யூ ஆர் கோனா மிஸ் மீ' மட்டுமே நாடெங்கும் ஒலித்து, அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் 55-ஆம் இடம் வரை சென்றது. எரிக்சன் முந்தைய குழுவில் இருந்தபோதே எழுதிப் பாடிய பாடல் அது. ஆல்பம் வெளிவந்தபோது அவருக்கு வயது 19. தொண்டை கிழிந்துவிடுமோ என்று கேட்பவரை அஞ்ச வைக்கும் அந்த அலறலில் ஒரு சுருதி கூடப் பிசகவில்லை என்பதை நீங்கள்தான் முதலில் கவனிப்பீர்கள்.

பெரும்பாலோர் இந்த ஒரு பாடலோடு நின்றுவிடுகிறார்கள் என்பதே என் ஆதங்கம். அதே ஆல்பத்தில் 'ஸ்பிளாஷ் 1' என்று ஒரு மென்மையான பாடல் இருக்கிறது. எரிக்சனும் கிளெமென்டைனும் சேர்ந்து எழுதியது. முதன்முறை சந்திக்கும் ஒருவரை முன்பே அறிந்ததைப் போன்ற உணர்வைப் பாடுவது. பவல் செயின்ட் ஜான் எழுதிய பாடல்கள் மூன்று இருக்கின்றன. இவர் பின்னாளில் புகழ்பெற்ற ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளினோடு சேர்ந்து வாலர் கிரீக் பாய்ஸ் என்ற பெயரில் இந்த ஊரில் பாடியவர். அந்த வாலர் கிரீக் என்ற ஓடையின் பாலத்தைக் கடந்துதான் நான் தினமும் வேலைக்குப் போகிறேன். வந்த புதிதில் அதில் தண்ணீரே தெரியவில்லை என்று அம்மாவிடம் குறைப்பட்டிருக்கிறேன். இப்போது பாலத்தில் ஒரு நிமிடமாவது நிற்காமல் போவதில்லை.

நீங்கள் அடிக்கடி சொல்வீர்களே, ஸ்டீரியோ என்பதாலேயே ஒரு ரெக்கார்டு நல்ல ரெக்கார்டு ஆகிவிடாது என்று. அதை இந்த ஆல்பத்தில் என் காதாலேயே உணர்ந்தேன். ஸ்டீரியோவில் கேட்டபோது குரல் ஒரு பக்கமும் வாத்தியங்கள் வேறு பக்கமுமாகப் பிரிந்து, ஜாடி தனியே உளறுவதைப் போலிருந்தது. எல்லா ஒலியும் ஒரே தடத்தில் வரும் மோனோவில் கேட்டபோது எல்லாம் ஒரே உடலாகச் சேர்ந்து வந்து மோதியது. நெருக்கடியான ஒரு கூடத்தில் அவர்களுக்கு எதிரே நின்று கேட்டதைப் போல.

மாமா, நான் உண்மையில் எழுத வந்தது இரண்டாவது ஆல்பத்தைப் பற்றி. 'ஈஸ்டர் எவ்ரிவேர்' 1967-இல் வந்தது. அதற்குள் வால்டனும் பேஸ் வாசித்த ரானி லெதர்மேனும் விலகி, டேனி தாமஸும் டேன் கலிண்டோவும் சேர்ந்திருந்தார்கள். ஹூஸ்டனில் வால்ட் ஆண்ட்ரஸின் ஸ்டூடியோவில் பதிவானது. முதல் பாடலான 'ஸ்லிப் இன்சைட் திஸ் ஹவுஸ்' எட்டு நிமிடம். வானொலிக்கு இரண்டரை நிமிடப் பாடல் வேண்டியிருந்த காலத்தில், ஒரே கிட்டார் வளையத்தைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு, அதன்மேல் சரணம் சரணமாக ஒரு நீண்ட தத்துவப் பாட்டை எரிக்சன் பாடிக்கொண்டே போகிறார். மூன்றாம் நிமிடத்தில் இது முடியாதா என்று தோன்றுகிறது. ஐந்தாம் நிமிடத்தில் முடிந்துவிடக் கூடாதே என்று தோன்றுகிறது. விடியும்வரை நடக்கும் கூத்தில் பின்னிரவில் வரும் அந்த நிலைதான். முதல் ஆல்பத்தில் இருந்த வேகம் இதில் இல்லை என்று குறை சொல்பவர்கள் உண்டு. வேகம் குறைந்ததால்தான் சதர்லேண்டின் கிட்டார் காதில் விழுகிறது என்பது என் கருத்து. எதிரொலியில் நனைத்து எடுத்ததைப் போன்ற ஒலி அது. ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு, அது கரையும்வரை காத்திருந்து அடுத்ததைத் தொடுகிறார். பாப் டிலனின் ஒரு பாடலையும் இதில் எடுத்துப் பாடியிருக்கிறார்கள். அதை அவர்கள் ஐந்து நிமிடத்துக்கும் மேலாக நிதானமாக நீட்டியதைக் கேட்ட பிறகு, மூலத்தின் அவசரம் எனக்கு ஒட்டவில்லை.

சென்ற மாதம் அறைத்தோழியோடு கெர்வில் வரை காரில் போய் வந்தேன். இரண்டு மணி நேரப் பயணம். சுண்ணாம்புக்கல் மேடுகள், வெயிலில் வெளுத்த புல், குவாடலூப் ஆற்றங்கரையில் உயர்ந்த சைப்ரஸ் மரங்கள். வழியெல்லாம் இந்த ஆல்பம்தான் ஓடியது. இத்தனை இடைவெளி விட்டு வாசிக்க ஒருவருக்கு எப்படித் தோன்றியது என்ற கேள்விக்கு அந்த நிலமே விடை சொன்னதைப் போலிருந்தது.

1968-இல் நேரடிக் கச்சேரிப் பதிவு என்ற பெயரில் ஒன்று வந்தது. ஸ்டூடியோவில் எடுத்த பழைய பதிவுகளின்மேல் கைதட்டலை ஒட்டி விற்றார்கள். அதை வாங்க வேண்டாம். 1969-இல் வந்த 'புல் ஆஃப் த வுட்ஸ்' பெரும்பாலும் சதர்லேண்டின் உழைப்பு. எரிக்சன் சில பாடல்களில்தான் இருக்கிறார். அவருடைய உடல்நிலையும் மனநிலையும் அதற்குள் சிதைந்துவிட்டிருந்தன.

இதைச் சொல்லாமல் விட முடியாது. எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருள் அறிவைத் திறக்கும் சாவி என்று டாமி ஹால் நம்பினார். முதல் ஆல்பத்தின் உறையிலேயே அந்தக் கொள்கையை எழுதினார். அந்த நம்பிக்கைக்கு மிகப் பெரிய விலை கொடுத்தவர் எரிக்சன். 1969-இல் இங்குள்ள மவுண்ட் பானெல் குன்றில் ஒரே ஒரு கஞ்சாச் சுருட்டோடு பிடிபட்டார். அன்றைய டெக்சஸ் சட்டத்தில் அதற்குப் பல ஆண்டுச் சிறை உண்டு. அதிலிருந்து தப்பப் பைத்தியம் என்று வாதிடப்பட்டு, ரஸ்க் என்ற ஊரின் அரசு மனநல மருத்துவமனையில், கொலைக் குற்றவாளிகளும் இருந்த பிரிவில் அடைக்கப்பட்டு, 1972-இல்தான் வெளியே வந்தார். சதர்லேண்ட் 1978-இல் ஹூஸ்டனில் தன் வீட்டிலேயே சுடப்பட்டு இறந்தார்.

அந்தக் குன்றுக்கு நான் இரண்டு முறை ஏறியிருக்கிறேன். நூறு படிகள் இருக்கும். கீழே ஆறு வளைந்து போகிறது. காதலர்களும் குழந்தைகளோடு வந்தவர்களும் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அங்கே கோபம்தான் வந்தது. இந்தத் துயரக் கதையைத் தெரிந்தவர்கள் பலர், ஆல்பங்களைக் கேட்டவர்கள் சிலர். பைத்தியம் பிடித்த பாடகன் என்ற செய்தியோடு கேட்கத் தொடங்கினால், ஒவ்வொரு பாடலிலும் பைத்தியத்தையே தேடுகிறோம். நான் எதுவும் தெரியாமல் முதலில் பாடல்களைக் கேட்டேன் என்பதை என் அதிர்ஷ்டமாக நினைக்கிறேன். அந்த இரண்டு ஆல்பங்களிலும் நான் கேட்டது கட்டுக்கோப்பான வேலை. ஒரு பாடலில் எங்கே ஜாடி நுழைய வேண்டும், எங்கே கிட்டார் விலக வேண்டும் என்று பலமுறை வாசித்துப் பார்த்து முடிவு செய்தவர்களின் வேலை.

எரிக்சன் 2005-இல் இதே ஊரின் ஆஸ்டின் சிட்டி லிமிட்ஸ் விழாவில் மீண்டும் முழுக் கச்சேரி பாடினார். அவர்களுடைய 'லெவிடேஷன்' பாடலின் பெயரைத் தாங்கிய இசை விழா ஒன்றும் இங்கே நடக்கிறது. 2015-இல் அந்த விழாவில் குழுவில் மிஞ்சியிருந்தவர்கள் ஒன்றுகூடி வாசித்தார்கள். காவல் பெரியவர் அன்று கூட்டத்தில் நின்றிருக்கிறார். அதைச் சொல்லும்போது அவருடைய கண்கள் கலங்கின. எரிக்சன் 2019 மே 31 அன்று காலமானார்.

அக்டோபரில் அலுவலகத் தோழி ஒருத்தி மதுரைக்கு வருகிறாள். அவளிடம் இரண்டு ஆல்பங்களையும் பென் டிரைவில் கொடுத்தனுப்புகிறேன், முதலாவது மோனோவில். கைப்பேசியில் கேட்க வேண்டாம் மாமா. கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அந்தப் பெரிய ஸ்பீக்கர்களில், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். இரண்டாவது ஆல்பத்தின் பி சைடில் 'ஐ ஹேட் டு டெல் யூ' என்று ஒரு பாடல் வரும். மெல்லிய கிட்டாரும் மவுத் ஆர்கனும், எரிக்சனுக்குப் பின்னால் கிளெமென்டைனின் குரலும். அது வரும்போது அத்தையையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். கேட்டுவிட்டு, எந்த இடத்தில் எதைக் கவனித்தீர்கள் என்று கேசட் அட்டையில் எழுதுவதைப் போல வரிசையாக எனக்கு எழுதுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம்.

உங்கள் அன்பு மருமகள்,
செல்வி