எஃப்8 மறக்கவில்லை

மஞ்சக்குப்பம், கடலூர்.

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானது சோம்பலால் இல்லை, 20ஆம் தேதியால். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும் ஆபீசில் 11ஆம் தேதிக்கு ஒரு ஓட்டம், 20ஆம் தேதிக்கு இன்னொரு ஓட்டம். நடுவில்தான் மூச்சு.

ஆமாம்டி, ஜூன் முதல் முழுநேர வேலை. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ். பண்ருட்டி முந்திரிக்காரர்கள், முதுநகர் ஐஸ் வியாபாரிகள், மளிகைக் கடைகள் என்று கணக்குகள் வருகின்றன. முதல் நாள் டவுன் பஸ்ஸில் பழைய ஞாபகத்தில் சில்லறையை நீட்டினேன். பெண்களுக்குக் காசில்லை என்று கண்டக்டர் சிரித்தார். தெரியாதது இல்லை, கைதான் கேட்கவில்லை.

பயமாக இல்லையா என்று கேட்டிருந்தாய். இருந்தது. தானே புயலுக்கு மறு வருஷம், 2012இல், மாமியார் படுக்கையில் விழுந்ததும் விட்ட வேலை இது. அப்போது ஜிஎஸ்டிக்கு முந்தைய வாட் வரி. வெளிமாநில வியாபாரியைத் துரத்தி வரிச்சலுகைக்கான சி ஃபாரம் வாங்குவதே பாதிப் பிழைப்பு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது நான் அத்தைக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். இப்போது கணக்குப் போடும் டேலி மென்பொருளின் முகமே மாறியிருக்கிறது. ஆனால் விற்பனைக்கு எஃப்8 கீ, கொள்முதலுக்கு எஃப்9, அது அப்படியே இருக்கிறது. என் விரல் என்னைவிட முந்திக்கொண்டது.

இதற்கு முன் ஒரு கம்பெனியில் நேர்முகத்துக்குப் போனேன். என் மகன் வயதுப் பையன், "13 வருஷம் சும்மாவா மேடம் இருந்தீங்க?" என்றான். இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைத்தது, மருந்துச் சீட்டு, பிள்ளைகளின் பரீட்சை எல்லாம் தொண்டை வரை வந்தது. "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அவன் கேட்டது மறந்துவிட்டது. நான் ஆமாம் என்றதுதான் இன்னும் உறுத்துகிறது.

இங்கே என் என்ட்ரிகளைச் சரிபார்ப்பவள் 26 வயதுப் பெண். அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள், ஆனால் தப்பு என்றால் தப்பு என்பாள். சம்பளமும் அவளுக்குத்தான் கூட. முதல் மாதம் சுருக்கென்றது, பொய் சொல்ல மாட்டேன்.

அப்புறம் வந்தது 2025 செப்டம்பர் 22. நெய்க்கு ஜிஎஸ்டி 12 சதவீதம் 5 ஆனது, ஏசிக்கு 28 சதவீதம் 18 ஆனது. அந்த வாரம் முழுக்க போன் ஓயவில்லை. "12 கட்டி வாங்கின நெய் கடையில் கிடக்குதே, எந்த வரி போட்டு விற்பது?" விற்கும் நாளில் என்ன விகிதமோ அதுதான் என்று சொல்லியே எல்லோருக்கும் தொண்டை கட்டியது. அந்தப் பெண்ணும் அரசு அறிவிப்பைப் படித்துப் படித்துத் திணறினாள். சரி, நான் மட்டும் புதுசு இல்லை என்று அன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். 2011இல் வாட் 4 சதவீதம் 5 ஆனபோதும் 12.5 சதவீதம் 14.5 ஆனபோதும் முதல் நாள் ராத்திரியே சரக்கை எண்ணி எழுதி வைக்கச் சொன்னோம். அதையே இப்போதும் சொன்னேன். ஆடிட்டர் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பெண் கடைக்காரர்களுக்கு உடனே மெசேஜ் போட்டாள்.

வீடா? சாம்பாரில் அவர் புளியைக் கொட்டுகிறார். யாரும் சாகவில்லை.

நீயும் விண்ணப்பம் போடப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். போடு. பழைய பிஎஃப் நம்பர் எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறாயா, தேடு. நான் விட்ட காலத்தில் வேலை மாறினாலும் மாறாத இந்த யுஏஎன் நம்பர் எல்லாம் கிடையாது, இன்னும் அலைகிறேன்.

அடுத்த மாதம் 20 தாண்டியதும் வா, சில்வர் பீச்சில் உட்கார்ந்து பேசுவோம். அதற்கு முன்னால் ஒன்று செய். விண்ணப்பத்தில் 'வேலையில் இல்லாத காலம், காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் என்ன எழுதப் போகிறாய் என்று எனக்கு அனுப்பு. நான் அதில் ஒரு கோடு கிழித்துவிட்டு வந்தவள்.

உன்,
கடைசி பெஞ்சுக்காரி