வள்ளியப்பாவின் வாடாத சொற்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

1922-இல் இராயவரத்தில் பிறந்து, வங்கிப் பணியில் இருந்துகொண்டே குழந்தைகளுக்காக எழுதிக் குவித்த அழ. வள்ளியப்பாவின் பாடல்கள், அவர் 1989-இல் மறைந்த பின்னும், எழுதப் படிக்கத் தெரியாத மழலைகளின் வாயில்கூடத் தங்குதடையின்றிப் புரள்கின்றன. தட்டிலுள்ள எட்டு லட்டுகளைக் கிட்டுவும் அவன் தங்கை பட்டுவும் ஆளுக்குப் பாதியாகத் தின்று தீர்க்கும் பாடலையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஏறக்குறைய ஒவ்வொரு வரியும் ‘ட்டு’ என்று முடிவதால் நாக்கு தானாகவே தாளம் போடுகிறது, கணக்கும், பங்கிட்டு உண்ணும் பழக்கமும் அறிவுரையின் சாயலே இல்லாமல் மனத்தில் இறங்கிவிடுகின்றன. அகராதி புரட்ட வேண்டிய சொல் அதில் ஒன்றுகூடக் கிடையாது. எழுதுவதற்கு இந்த எளிமைதான் மிகக் கடினமானது என்பேன். தங்கள் நாளிதழின் சிறுவர் பகுதியில், பெற்றோர் உரக்கப் படித்துக் காட்டும் வகையில், அவருடைய பாடல் ஒன்றை வாரந்தோறும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்