முதலில் ஒரு நாற்காலி அனுப்புங்கள்: வீட்டிலிருந்து வேலை வாங்கும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை, பெங்களூர், கொச்சி, திருவனந்தபுரத்தில் இருக்கிற நிறுவனங்களின் மனிதவள அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் செங்கோட்டையில் பிசியோதெரபி மையம் வைத்திருக்கிறேன். 2020 ஊரடங்கில் பெட்டி படுக்கையோடு ஊருக்கு வந்த பிள்ளைகளில் பலர் அப்புறம் திரும்பிப் போகவே இல்லை. இலஞ்சி, வல்லம், புளியரை, தென்காசி என்று இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க உங்கள் ஊழியர்கள் வீட்டில் இருந்தபடி வேலை பார்க்கிறார்கள். மலையைத் தாண்டிக் கேரளத்து ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்திலிருந்தும் என்னிடம் வருகிறார்கள். முன்பெல்லாம் வயல் வேலையில் இடுப்புப் பிடித்தவர்கள் வருவார்கள், முழங்கால் தேய்ந்த ஆச்சிமார் வருவார்கள், பக்கவாதத்துக்குப் பிறகு நடை பழகுகிறவர்கள் வருவார்கள். இப்போது இருபத்தைந்து முப்பது வயதில் கழுத்தைத் திருப்ப முடியாமல் வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

வேலை எங்கே நடக்கிறதோ அதுதான் உங்கள் அலுவலகம். அது ஓர் ஓட்டு வீட்டின் கூடமான பட்டாசாலையாக இருந்தாலும் சரி. அங்கே உட்கார்ந்து வேலை பார்த்து ஓர் உடம்பு கெட்டால் அதற்கு நீங்களும் பொறுப்பு.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். கழுத்து வலியோடு வந்த ஒரு பெண்ணுக்கு நான் கொடுத்த பயிற்சி எதுவும் நிலைக்கவில்லை. வேலை பார்க்கிற இடத்தைப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டுப் போனேன். அம்மாவின் தையல் மெஷின்தான் அவருக்கு மேஜை. மெஷினை உள்ளே மடக்கி, பலகையை மூடி, அதன் மேல் லேப்டாப்பை வைத்திருந்தார். பாதம் ஊன்ற இடமில்லாமல் கால் இரண்டும் மெஷின் மிதியின் மேல் இருந்தன; கால் அழுந்தும்போதெல்லாம் மிதி ஆடியது. உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, உயரத்துக்கு அதன் மேல் இரண்டு தலையணை. முதுகுக்குப் பின்னால் ஜன்னல். வெளிச்சம் நேராகத் திரையில் அடித்ததால், எழுத்துத் தெரிவதற்காக முகத்தை முன்னால் நீட்டியே வைத்திருந்தார். தினமும் ஒன்பது மணி நேரம் இப்படி. நான் வாரத்தில் மூன்று நாள் வலியைக் குறைக்கிறேன். மற்ற நாட்களில் அந்த மேஜை அதைத் திரும்பக் கொண்டுவந்துவிடுகிறது.

லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்தவை. திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தினால் கையும் தோளும் மேலே தூக்கிக்கொள்ளும். கைக்கு வாகாகத் தாழ்த்தினால் கழுத்து குனிந்துவிடும். மனிதத் தலை சுமார் 5 கிலோ எடை இருக்கும். நிமிர்ந்து இருக்கும்போது அதை முதுகெலும்பு தாங்கிக்கொள்ளும். குனியக் குனியக் கழுத்தின் பின்பக்கத் தசைகள்தான் அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். மணிக்கணக்காக அப்படிப் பிடித்தால் தசை இறுகும், தலை வலிக்கும், சிலருக்குக் கைவிரல் வரை மரத்துப்போகும். லேப்டாப்பை உயர்த்த ஒரு ஸ்டாண்டு, தனிக் கீபோர்டு, தனி மவுஸ், இந்த மூன்றும் இருந்தாலே என்னிடம் வருகிறவர்களில் பலர் பாதி குணமாகிவிடுவார்கள். அதோடு, உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற, கீழ்முதுகைத் தாங்குகிற நாற்காலியும், முழங்கை மட்டத்தில் ஒரு மேஜையும் வேண்டும். பாதம் தரையில் படிய வேண்டும்.

இதற்கான பணத்தைச் சம்பளத்தோடு அலவன்ஸாகச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். அது தங்கையின் காலேஜ் ஃபீஸுக்குப் போய்விடும். அப்படிப் போவதில் தப்பும் இல்லை. பொருளாகவே அனுப்புங்கள். தியானச் செயலி, நடைப்போட்டி, சனிக்கிழமை ஆன்லைன் யோகா எல்லாம் நல்லவைதான். தையல் மெஷின் மேல் வேலை பார்க்கிறவருக்கு அவை அப்புறம்.

எங்கள் எல்லையின் இரண்டு பக்கமும் ஜவுளிக்கடையில் நிற்கிற பெண்களுக்கு இன்று சட்டப்படி ஓர் இருக்கை உண்டு. கேரளத்துக் கடைப் பெண்கள் போராடி 2018-ல் அதை வாங்கினார்கள். 2021-ல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி அதைக் கொண்டுவந்தது. நாளெல்லாம் நின்று கால் நரம்பு புடைத்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அந்த ஸ்டூல் என்ன என்று எனக்குத் தெரியும். நாளெல்லாம் உட்காருகிறவர்களுக்குச் சரியான நாற்காலி அதே அளவுக்கு அவசியம்.

உட்காரும் உரிமை போலவே எழுந்திருக்கும் உரிமையும் வேண்டும். மவுஸ் சில நிமிடம் அசையாவிட்டால் ஆள் இல்லை என்று குறித்துக்கொள்ளும் மென்பொருளைச் சிலர் வைத்திருக்கிறீர்கள். அதற்குப் பயந்து பாத்ரூம் போவதைத் தள்ளிப்போடுகிறார்கள். போகவேண்டி வருமே என்று தண்ணீரையும் குறைக்கிறார்கள். முதுகு வலிக்கு வருகிற பெண்களிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டால், அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறது என்று தயங்கித் தயங்கிச் சொல்கிறார்கள். அந்த மென்பொருளை எடுத்துவிடுங்கள். ஒரு மணி நேரக் கூட்டத்தை ஐம்பது நிமிடத்தில் முடியுங்கள். முகம் காட்டத் தேவையில்லாத கூட்டத்தில் கேமராவை அணைத்துவிட்டு நடந்துகொண்டே பேசலாம் என்று மேலாளரே சொல்லட்டும். கண்ணுக்கும் ஓய்வு வேண்டும். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 20 அடி தூரத்தில் இருப்பதை 20 விநாடி பார்க்கச் சொல்வார்கள். இங்கே ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். பார்க்க அவர்களுக்கு நேரம் கொடுத்தால் போதும்.

இன்னொரு தொல்லை, கரண்ட். ஆனி, ஆடியில் கணவாய் வழியாகச் சாரல் காற்று அடிக்கும்போது கிளை முறிந்து கம்பியில் விழும். மோடம் அணைந்ததும் போன் நெட்டில் இணைத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற மூலையில் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்காருகிறார்கள். விட்ட நேரத்தை ராத்திரியில் ஈடுகட்டச் சொல்கிறீர்கள். அதற்குப் பதில் ஓர் இன்வெர்ட்டருக்கு உதவுங்கள். மின்கட்டணத்திலும் பங்கெடுங்கள், தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் வீட்டுக்கான கட்டண விகிதமே மாறிவிடுகிறது. வீட்டில் வேலை செய்வதால் கூடுகிற மின்சார, இணையச் செலவை நிறுவனம் ஏற்கவேண்டும் என்று போர்ச்சுகல் 2021-லேயே சட்டம் போட்டுவிட்டது. வேலை நேரம் முடிந்தபின் ஊழியரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிற ஒரு பிள்ளையின் அம்மா என்னிடம் சொன்னார்: "டாக்டரம்மா, ராத்திரி பூரா முழிச்சிருக்கா. பகல்ல கண்ண மூடுனா ஆள் மாத்தி ஆள் கூப்பிடுதாவ." பகலில் தூங்குகிறவரைப் பகலில் கூப்பிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைக்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைக்கிறவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் கூடுதல். பக்கவாதம் வந்தவர்களுக்கு விரல் மடக்கப் பழக்குவது என் வேலை. அதனால் அந்த எண்ணை என்னால் சும்மா படித்துவிட்டுப் போக முடியவில்லை.

சிகிச்சை விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எடுத்துக்கொடுக்கிற குழுக் காப்பீட்டின் மருத்துவமனைப் பட்டியலை இந்த ஊர்க்காரர் ஒருவர் என்னிடம் காட்டினார். சென்னை, பெங்களூர் மருத்துவமனைகளே பல பக்கங்களுக்கு இருந்தன. அவருக்குப் பக்கத்தில் என்றால் திருநெல்வேலிதான்; அது இங்கிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர். இன்றும் இங்கே பலர் ஒரு பெரிய வைத்தியம் என்றால் புனலூர், கொல்லம், திருவனந்தபுரம் என்றுதான் வண்டி ஏறுவார்கள். ஆகவே ஊழியரின் பின்கோடை வைத்து, எல்லையின் இரண்டு பக்கமும் மருத்துவமனைகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களின் ஈ.எஸ்.ஐ. மருந்தகம் இன்னும் சென்னையிலேயே இருந்தால் ஊர்ப்பக்கம் மாற்ற உதவுங்கள். பிசியோதெரபி செலவையும் காப்பீட்டில் சேருங்கள்.

மனக்கஷ்டத்துக்கு நீங்கள் தருகிற ஆலோசகர் ஆங்கிலத்தில்தான் பேசுவார் என்றால், பலர் கூப்பிடவே மாட்டார்கள். தமிழ், மலையாளம் தெரிந்த ஆலோசகர்களை அமர்த்துங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம். உங்கள் மாதாந்திர மின்னஞ்சலில் அதையும் போடுங்கள்.

கைக்குழந்தை உள்ள தாய்மாருக்கு: 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோதே சொல்லிவிட்டார்கள். சென்னை அலுவலகத்தில் இருக்கிற காப்பகம் செங்கோட்டைக் குழந்தைக்கு உதவாது. இங்கே பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வருகிற ஆளின் சம்பளத்தில் ஒரு பங்கு கொடுங்கள்.

கடைசியாக, இதையெல்லாம் எப்படித் தொடங்குவது என்று கேட்பீர்கள். ஊழியர் வேலைக்குச் சேர்ந்த மாதமே உள்ளூர் பிசியோதெரபிஸ்ட் ஒருவரை அவர் வீட்டுக்கு அனுப்புங்கள். அரை மணி நேரம் போதும்: முழங்கை உயரத்தை அளக்க, ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார்க்க, மேஜையைத் திருப்பிப் போட. ஊழியர் சம்மதித்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். மேலாளர் வீடியோவில் வீட்டைச் சுற்றிப் பார்ப்பது வேண்டாம். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். தென்காசி மாவட்டத்தில் இதைச் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறோம். உங்கள் ஊழியர் இங்கே இருந்தால் சொல்லுங்கள், நான் போய்ப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
செங்கோட்டையிலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட்