ஜூனில் வா, தீவுக்குப் போவோம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை கிடைத்தது. மகளைப் பார்க்க ஜூன் மாதம் லண்டன் வருகிறாய் என்று படித்ததும் அன்று முழுக்க வேலையில் மனம் நிற்கவில்லை. உன் அம்மாவின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் சுகம். பெரியவன் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டான். சின்னவளுக்கு இந்த வருடம் பரீட்சை.

"தீவு தீவு என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறாயே, அங்கே என்ன இருக்கிறது, எப்படிப் போவது, எத்தனை நாள் வேண்டும்?" என்று கேட்டிருந்தாய். சரி, வைட் தீவைப் பற்றி விவரமாகவே எழுதுகிறேன். உன்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று நான் பல வருடமாக நினைத்துக்கொண்டிருக்கும் இடம் அது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

வைட் தீவு என்றதும் வெள்ளை என்று நினைத்துவிடாதே, ஆங்கிலத்தில் எழுத்து வேறு. இங்கிலாந்தின் தென்கரைக்கு எதிரே, சொலன்ட் என்ற ஒடுங்கிய கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. போர்ட்ஸ்மவுத்தில் எங்கள் தெரு முனையிலிருந்து கொஞ்சம் நடந்து கடற்கரையில் நின்றால் அக்கரை வீடுகள்கூடத் தெரியும். கிழக்கு மேற்காகச் சுமார் 37 கிலோமீட்டர், வடக்கு தெற்காகச் சுமார் 21. வரைபடத்தில், பட்டம் ஒன்றைப் படுக்கப் போட்ட மாதிரி இருக்கும். ஏறத்தாழ 140,000 பேர் குடியிருக்கிறார்கள். பாலம் கிடையாது, கடலுக்கடியில் சுரங்கப் பாதையும் கிடையாது. யாராக இருந்தாலும் கடலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

முதல் தடவை நாங்கள் காரோடு போனோம். கோடை விடுமுறை, வெள்ளிக்கிழமை பின்னேரம், முன்கூட்டிப் பதியவும் இல்லை. காரைக் கப்பலில் ஏற்றக் கொடுத்த காசில் இரண்டு நாள் அறை எடுத்துத் தங்கியிருக்கலாம். அதற்குப் பிறகு காரைக் கொண்டுபோனதே இல்லை. காரில்லாமல் போவதுதான் சுகம். நீ லண்டன் வாட்டர்லூவில் ரயில் ஏறு. போர்ட்ஸ்மவுத் துறைமுக நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே படகு. நான் அங்கே நிற்பேன். ஷாங்க்ளின் என்ற தீவு ஊர் வரைக்கும் லண்டனிலேயே ஒரே டிக்கெட் எடுக்கலாம், நடுவில் இருக்கிற கடலும் அதற்குள் அடக்கம். படகில் இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூட. திரும்பி வரும்போது ஹோவர்கிராப்டில் வருவோம். காற்றை அடித்து அதன்மேல் மிதந்து வந்து, கரையில் ஏறி நிற்கும் வண்டி அது. 1965இலிருந்து ஓடுகிறது. ரைட் என்ற ஊரிலிருந்து பத்து நிமிடத்தில் இந்தப் பக்கம் வந்துவிடலாம்.

படகு ரைட் ஊரின் பாலத்துறை முனையில் கொண்டுபோய் விடும். 1814இல் திறந்த துறை, கடலுக்குள் அரை மைல் அளவுக்கு நீண்டிருக்கிறது. மரப் பலகைகளின் இடுக்கு வழியே கீழே தண்ணீர் தெரியும். அந்தத் துறையின் நுனிக்கே ரயில் வந்து நிற்கிறது. எட்டே எட்டு நிலையம் உள்ள சின்னப் பாதை. வழியில் ஒரு சுரங்கம் உயரம் குறைவு என்பதால், மற்ற இடங்களில் ஓடும் பெரிய ரயில் பெட்டிகள் அதற்குள் நுழையாது. அதனால் லண்டனின் நிலத்தடி ரயில் பெட்டிகளைப் புதுப்பித்து ஓட்டுகிறார்கள். 2021 வரைக்கும் ஓடியவை 1938ஆம் வருடத்துப் பெட்டிகள். இப்போது ஓடுபவை டிஸ்ட்ரிக்ட் பாதையில் ஓடியவை. கல்யாணமான புதிதில் ஈஸ்ட் ஹாமிலிருந்து தினமும் வேலைக்கு நான் நின்றுகொண்டே போனது இந்தப் பெட்டிகளில்தான். கடலுக்கு நடுவே அதே கதவு திறந்தபோது, பழைய அயலவர் ஒருவரைக் கண்ட மாதிரி இருந்தது.

தீவின் அமைப்பு தெரிந்தால் ஊர் பார்ப்பது சுலபம். கிழக்கு முனையிலிருந்து மேற்கு முனை வரைக்கும் முதுகெலும்பு மாதிரி ஒரு சுண்ணாம்புப் பாறை மலைத்தொடர் ஓடுகிறது. வடக்குப் பக்கம் காடும் சேற்றுக் கழிமுகமும். தெற்குப் பக்கம் கடல் அரிக்கும் செங்குத்துக் கரை. அங்கே நிலம் வழுகிக்கொண்டே இருக்கிறது, வென்ட்னர் பக்கத்துக் கடலோரச் சாலை ஒன்று 2014இல் சரிந்தே போனது. இலங்கை மலைநாட்டில், நம் ஊரில் மழை நாளில் மண்சரிவுக்குப் பயந்து தூங்காமல் இருந்தவர்களுக்கு, அதைப் பார்க்க நெஞ்சு பதைக்கும். உச்சி 241 மீட்டர்தான். நமக்கு அது மலையே இல்லை. கடைசிப் பனியுகத்துக்குப் பிறகு கடல் ஏறி வந்துதான் இந்த நிலம் தீவானது. சாம்பல் நிற அணில் கடலைத் தாண்டி வந்து பெருகாததால், சிவப்பு அணில் இன்னும் அங்கே மரத்துக்கு மரம் தாவுகிறது.

முதல் நாள் ஒஸ்போர்ன் மாளிகை. விக்டோரியா மகாராணி கோடையைக் கழித்த வீடு. 1901 ஜனவரி 22 அன்று அவர் இறந்ததும் அங்கேதான். லாகூரைச் சேர்ந்த பாய் ராம் சிங் வடிவமைத்த தர்பார் மண்டபத்தின் கூரையை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலிக்கும். அரை நாள் போதும். அடுத்து கரிஸ்புரூக் கோட்டை. முதலாம் சார்லஸ் மன்னரைச் சிறை வைத்திருந்த கோட்டை அது. ஜன்னல் வழியே தப்ப முயன்றவர் கம்பிகளுக்கு நடுவில் சிக்கிக்கொண்டார். அங்கே ஒரு பெரிய மர ரோதைக்குள் கழுதை நடந்து நடந்து 49 மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து வாளியை மேலே இழுக்கும். இப்போது பார்க்க வருகிறவர்களுக்காகக் கொஞ்ச நேரம் மட்டும்தான்.

அப்புறம் மேற்குக்கு. அங்கே இரண்டு இரவு தங்குவோம். ரயில் அந்தப் பக்கம் போகாது, பச்சை பஸ்தான். மேல்கூரை இல்லாத பஸ்ஸும் ஓடுகிறது. ஃபிரெஷ்வாட்டர் குடாவிலிருந்து டென்னிசன் மேட்டில் ஏறி, மேற்கு முனை வரைக்கும் நடக்கலாம். ஐந்து கிலோமீட்டர் போல இருக்கும். பக்கத்தில் குடியிருந்த டென்னிசன் என்ற கவிஞர் நாள்தோறும் உலாவிய புல்வெளி. காலடியில் வெள்ளைப் பாறை. ஒரு துண்டைப் பொறுக்கினால் நீ வகுப்பில் எழுதும் வெண்கட்டி மாதிரியே விரலில் மா ஒட்டும். முனையில் ‘ஊசிகள்’ என்ற மூன்று வெள்ளைப் பாறைகள் கடலுக்குள் வரிசையாக நிற்கின்றன, கடைசியில் கலங்கரை விளக்கம். உண்மையில் ஊசி மாதிரி இருந்த நாலாவது பாறை 1764இல் புயலில் விழுந்துவிட்டது. பக்கத்துக் குடாவில் நிலத்தின் அடுக்குகள் ஏறக்குறைய நிமிர்ந்தே நிற்பதால், மஞ்சளும் சிவப்பும் சாம்பலுமாக மணல் நெட்டுக்கோடு போட்ட சேலை மாதிரி தெரியும். அங்கே உள்ள விளையாட்டுப் பூங்கா எனக்குப் பிடிக்கவில்லை, ஒரே கூட்டம். மணலை மட்டும் பார்த்துவிட்டு நடப்போம்.

இப்போது காரணத்தைச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் அந்த பஸ்ஸில் போகும்போது ஒரு வீட்டுப் பெயர்ப் பலகையில் ‘டிம்போலா’ என்று பார்த்தேன். நம் மலைநாட்டுத் திம்புள்ளயா என்று அடுத்த தரிப்பிடத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன். முற்றத்தில் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் சிலை. 1970இல் அவர் பாடிய பெரிய இசை விழா அந்தப் பக்கத்து மேட்டில் நடந்திருக்கிறது. வீடு ஜூலியா மார்கரெட் கமரன் என்ற படப்பிடிப்பாளருடையது. கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில் மகள் கொடுத்த கமராவோடு தொடங்கி, கோழிக்கூட்டை ஸ்டூடியோவாகவும் கரி அறையைப் படம் கழுவும் இருட்டறையாகவும் மாற்றிக்கொண்டார். டார்வினையும் டென்னிசனையும் எடுத்த அதே கமராவால் வீட்டு வேலைக்காரப் பெண்ணையும் தேவமாதா போல எடுத்திருக்கிறார். அந்தப் பெண்ணின் முகத்துக்கு முன்னால் நான் நெடுநேரம் நின்றேன்.

கணவருக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள், வீட்டுப் பெயர் அதனால் வந்தது. நீ வரலாற்றுப் பாடத்தில் நடத்தும், இலங்கையின் ஆட்சியை ஆராய ஆங்கிலேயர் அனுப்பிய கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவின் கமரன்தான் அவர்! 1875இல் இருவரும் வீட்டை விட்டு இலங்கைக்கே வந்துவிட்டார்கள். சவப்பெட்டிகளையும் கையோடு கொண்டுவந்தார்களாம். 1879 ஜனவரியில் டிக்கோயாப் பக்கம் ஜூலியா இறந்தார். அடக்கம் செய்தது எங்கே தெரியுமா? பொகவந்தலாவ சென்ட் மேரிஸ் தேவாலயத்தில். பஸ்ஸுக்குக் காசில்லாத நாட்களில் நாம் நடந்து தாண்டிய அதே தேவாலயம். அந்த வெள்ளைக்காரக் கல்லறைகளில் யார் இருக்கிறார்கள் என்று நமக்கு யாரும் சொல்லவில்லை. அந்தத் தோட்டங்களில் கோப்பி பறித்த நம் ஆட்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை என்பதும் அந்த வீட்டில் நிற்கும்போது நெஞ்சை அடைத்தது. இலங்கையில் அவர் எடுத்தவற்றில் கொஞ்சப் படங்களே மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் தோட்டத்து ஆட்களும் இருக்கிறார்கள், பெயர் இல்லாமல். அவற்றை நீ பார்க்க வேண்டும். உன்னோடு நின்று நானும் இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

சுவெட்டர் ஒன்று போதும். ஹட்டன் குளிர் உனக்குப் பழக்கம், ஆனால் மேட்டில் காற்று பலமாக அடிக்கும், காதை மூட ஒரு சால்வை எடுத்துக்கொள். வழுக்காத சப்பாத்து கட்டாயம். ஜூனில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும் என்பதால் அவசரப்பட ஒன்றுமில்லை. டிம்போலா வீடு எல்லா நாளும் திறப்பதில்லை, நாள் பார்த்து நானே பதிந்துவிடுகிறேன்.

ஒரு வேலை மட்டும் உனக்கு. புறப்படுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்ட் மேரிஸுக்குப் போய், கமரன் அம்மாவின் கல்லறையைத் தேடிப் படம் எடுத்து வா. எழுத்தில் பாசி ஏறியிருந்தால் துடைத்துவிட்டு எடு. பின்னால் தேயிலை மலை தெரிகிற மாதிரி எடு, கொழுந்து பறிக்கிறவர்கள் நின்றால் அவர்களையும் கேட்டுச் சேர்த்து எடு. பெயர்களையும் எழுதிக்கொண்டு வா.

அன்புடன்,
உன் தோழி