பவர் மீட்டர் வாங்கும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரோடு பைக் என்னும் சாலைப் பந்தய சைக்கிளை ஓட்டுவோர், மிதிக்கும் திறனை அளக்கும் பவர் மீட்டர் வாங்குவது குறித்துச் சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வெளியான கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். இப்பொருளைப் பற்றித் தமிழில் அச்சில் ஏதேனும் வருவதே அரிது. ஆயினும், பிழை ஒரு சதவீதத்துக்கு மேற்படும் கருவியை வாங்கவே கூடாது என்றும், ஒரு காலை மட்டும் அளக்கும் கருவிக்குச் செலவிடும் பணம் வீண் என்றும் அதில் கூறப்பட்டிருந்த அறிவுரையை என்னால் ஏற்க முடியவில்லை. நான்கு ஆண்டுகளாக இடது கிராங்கில், அதாவது பெடலைத் தாங்கும் இடப்பக்கக் கரத்தில், பொருத்திய பவர் மீட்டரோடு சைக்கிள் ஓட்டி வருபவன் நான். போட்டிகளுக்குத் தயாராகும் என் மகளுக்கு இரு பெடல்களிலும் அளக்கும் கருவியை வாங்கிக் கொடுத்தவனும் நானே. அந்த அறிவுரையை நம்பிப் பல பெற்றோர் கடன்பட்டு விலை உயர்ந்த கருவியைத் தேடிப் போவார்களோ என்ற கவலையால் இதை எழுதுகிறேன்.

கருவி எதற்குத் தேவை என்பதிலிருந்தே தேர்வு தொடங்க வேண்டும். மார்கழி விடியலில் வாடைக்காற்று முதுகைத் தள்ளத் திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை மணிக்கு 34 கி.மீ. வேகத்தில் எளிதாகச் செல்லும் அதே கால்கள், திரும்பும் வழியில் 26 கி.மீ. வேகத்துக்கே திணறுகின்றன, ஆகவே வேகத்தைப் பார்த்து உழைப்பைக் கணக்கிட முடியாது. நாடித்துடிப்பும் முழுமையாக உதவுவதில்லை. நம் கடற்கரையோரப் புழுக்கத்தில், உழைப்பு சற்றும் கூடாமலே, முதல் அரைமணி நேரத்தில் 140 ஆக இருந்த என் துடிப்பு இரண்டாம் மணி நேரத்தில் 155ஐத் தொட்டுவிடுகிறது. பவர் மீட்டரோ, காலின் அழுத்தத்தால் உலோகத்தில் உண்டாகும் மிக நுண்ணிய வளைவை ஸ்ட்ரெய்ன் கேஜ் என்னும் உணரியால் அளந்து, அதிலிருந்து திருப்புவிசையைக் கணித்து, அதைச் சுழற்சி வேகத்தோடு பெருக்கி, அந்த நொடியில் கால்கள் தரும் திறனை வாட் கணக்கில் காட்டுகிறது. ஜெர்மானியப் பொறியாளர் உல்ரிச் ஷோபெரர் 1986இல் தொடங்கிய எஸ்ஆர்எம் நிறுவனத்தின் கருவிகள் நெடுங்காலம் தொழில்முறை வீரர்களுக்கே எட்டும் விலையில் இருந்தன. இடது கிராங்கில் மட்டும் பொருத்தும் கருவியை 2012இல் ஸ்டேஜஸ் நிறுவனம் கொண்டுவந்த பிறகுதான் என்னைப் போன்றவர்கள் விலை கேட்கவே துணிந்தோம்.

அந்த இடது கிராங்க் கருவியையே கட்டுரையாளர் வீண் என்கிறார். அது இடது காலின் திறனை அளந்து இரண்டால் பெருக்கிக் காட்டுகிறது என்பது உண்மை. ஒருவரின் மொத்தத் திறன் 250 வாட்டாக இருந்து, அதில் இடது கால் 48 சதவீதத்தையும் வலது கால் 52 சதவீதத்தையும் தந்தால், இடது காலின் பங்கான 120 வாட் இரட்டிக்கப்பட்டு 240 என்று திரையில் தெரியும். இது நான்கு சதவீதப் பிழை. ஆனால் நம்மில் பெரும்பாலோர் இந்த எண்ணை எதோடு ஒப்பிடுகிறோம் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இருபது நிமிடம் முழு முயற்சியோடு ஓட்டி, அதன் சராசரியில் 95 சதவீதத்தை எஃப்டிபி (ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய திறன்) என்று குறித்துக்கொண்டு, அதைக் கொண்டு பயிற்சியின் கடுமையைப் பிரிக்கிறோம். இரண்டு மாதம் கழித்து மீண்டும் அதே சோதனையைச் செய்து பார்க்கிறோம். அன்று 240 காட்டிய கருவி இன்று 252 காட்டினால், உண்மைத் திறனும் அதே ஐந்து சதவீதம் உயர்ந்திருக்கிறது என்றே பொருள். எப்போதும் ஒரே அளவு குறைத்துக் காட்டும் தராசைக் கொண்டு உடல் எடை கூடியதா குறைந்ததா என்று அறிய முடிவதைப் போன்றதுதான் இது. கருவி நாளுக்கு நாள் மாறாமல் அளக்கிறதா என்பதற்கே வாங்குபவர் முதலிடம் தர வேண்டும்.

இவ்வாறு சொல்வதால் ஒரு பக்க அளவீட்டுக்குக் குறையே இல்லை என்று நான் வாதிடவில்லை. களைப்பில் கால்களின் பங்கு மாறுமானால் அந்தக் கருவி நம்மைத் தவறான வழியில் நடத்தும்: மேற்சொன்னவரின் இடது கால் பங்கு 48இலிருந்து 50 ஆனால், மொத்த உழைப்பு மாறாமலே திரையில் பத்து வாட் கூடித் தெரியும். என் மகளுக்கு வலது முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அந்தக் கால் எவ்வளவு தேறி வருகிறது என்று அறிய வேண்டியிருந்ததால்தான் இரு பெடல்களிலும் தனித்தனியே அளக்கும் கருவியைத் தேர்ந்தெடுத்தேன்; அந்த முடிவுக்காக இன்றும் மகிழ்கிறேன். காலில் காயமுற்றவர்கள், இரு கால்களுக்கும் தெளிவான வேறுபாடு உள்ளவர்கள், மருத்துவரோ பயிற்சியாளரோ கேட்டிருப்பவர்கள் ஆகியோருக்கு அந்தச் செலவு தகும். மற்றவர்கள், இடது கிராங்கின் விலையைப் போல இரண்டு மடங்கும் சில சமயம் மூன்று மடங்கும் கொடுப்பதற்கு முன், அந்தப் பணத்தில் நல்ல டயர்களும் ஓராண்டுப் பயிற்சிக் கட்டணமும் அடங்கிவிடும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

ஒரு சதவீதத் துல்லியம் என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பது நம் கைக்கு வந்தபின் எப்படிக் கரைந்துபோகிறது என்பதை நான் என் வீட்டிலேயே கண்டேன். மகளின் பெடல்களைப் பொருத்திய முதல் மூன்று வாரங்களில் அவள் இருபது நிமிடச் சோதனையில் 200 வாட் எடுத்ததைப் பார்த்து நாங்கள் பூரித்துப் போனோம். பெடலில் உள்ள உணரி விசையை மட்டுமே அறியும். திருப்புவிசையைக் கணிக்கக் கிராங்கின் நீளத்தை நாம்தான் செயலியில் உள்ளிட வேண்டும். கருவி 172.5 மி.மீ. என்ற நீளத்தை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு வந்திருந்தது. அவளுடைய சைக்கிளில் இருப்பதோ 165 மி.மீ. கிராங்க். நான்கரை சதவீதம் கூடுதலாகக் காட்டிக்கொண்டிருந்த அந்தக் கருவியில் நீளத்தைத் திருத்திய அன்று அவளுடைய 200 வாட் 191 ஆகச் சுருங்கியது. அந்த வயதுப் பிள்ளையின் முகம் வாடியதைப் பார்த்தபோது, பெட்டியைத் திறந்த நாளிலேயே இதைக் கவனிக்காமல் போனேனே என்று வருந்தினேன். கிராங்கின் நீளம் பெரும்பாலும் அதன் உட்புறத்தில், பெடல் திருகும் துளைக்கு அருகில் பொறிக்கப்பட்டிருக்கும். பார்த்து உள்ளிட ஒரு நிமிடம் போதும்.

கருவி சரியாக அளக்கிறதா என்பதை விற்பவரின் சொல்லை நம்பாமல் நாமே அறிய இரண்டு வழிகள் உண்டு. செயலியில் திருப்புவிசையைக் காட்டும் வசதி இருந்தால், பின்சக்கரம் நகராமல் பிரேக்கை இறுக்கிக் கட்டி, கிராங்கை முன்னோக்கிக் கிடைமட்டமாக நிறுத்தி, எடையைச் சரிபார்த்த 20 கிலோ அரிசிப் பையைப் பெடலில் தொங்கவிடலாம், 170 மி.மீ. கிராங்கானால் 33.4 நியூட்டன் மீட்டருக்கு அருகில் காட்ட வேண்டும். இரண்டாவது வழி மலை ஏறுவது. ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ எடையிருந்து, 500 மீட்டர் உயரத்தை 40 நிமிடத்தில் ஏறினால், புவியீர்ப்பை வெல்ல மட்டும் 163 வாட் தேவைப்படும். டயரின் உருளல் தடை, காற்று, செயினின் உராய்வு ஆகியவற்றுக்கு ஐந்து ஆறு சதவீதச் சரிவில் இன்னும் 25 முதல் 30 வாட் சேரும். காற்று அடங்கிய காலை வேளையில் ஏற்காட்டுப் பாதையிலோ கொல்லிமலையிலோ ஏறிவிட்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பவருக்குத் தம் கருவியின் போக்கு புரிந்துவிடும். கூடவே ஒன்றைச் சொல்ல வேண்டும்: குளிரூட்டிய காரில் சைக்கிளை அடிவாரம் வரை கொண்டுபோய் இறக்கியவுடன் ஜீரோ ஆஃப்செட் (பெடலில் அழுத்தம் இல்லாத நிலையைப் பூஜ்யமாகக் கருவியில் பதித்தல்) செய்து புறப்படும் பழக்கம் பலரிடம் உள்ளது. உணரி ஒட்டப்பட்ட உலோகம் வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வந்துசேரப் பத்து நிமிடமாவது காத்திருந்து அதைச் செய்தால்தான் அன்றைய எண்களை நம்ப முடியும்.

கட்டுரை தொடாமல் விட்ட செய்தி, கருவி நம் சைக்கிளில் பொருந்துமா என்பது. இடது கிராங்க் கருவியை வாங்குபவர், ஏற்கெனவே உள்ள வலது கிராங்கோடு இணையும் அச்சு வகையும் நீளமும் கொண்ட கிராங்கையே தேட வேண்டும். கிராங்கின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் உணரிப் பேழைக்கும் சைக்கிள் சட்டத்தில் பின்சக்கரத்தை நோக்கிச் செல்லும் கீழ்க்குழாயான செயின்ஸ்டேக்கும் இடையே போதிய இடைவெளி இருக்கிறதா என்பதையும் அளந்து பார்க்க வேண்டும். வலது கிராங்கையும் செயின்ரிங் என்னும் முன் பல்சக்கரத்தையும் இணைக்கும் ஸ்பைடரில் அளக்கும் கருவிகள் இரு கால்களின் கூட்டுத் திறனையும் ஒருசேர அளப்பவை, நீண்ட காலம் உழைப்பவை. ஆனால் கிராங்கின் அச்சு சுழலும் பேரிங் பகுதியான பாட்டம் பிராக்கெட்டின் வகையும் செயின்ரிங்கின் திருகு அமைப்பும் பொருந்தாவிட்டால் கூடுதல் பாகங்களுக்கே பெருஞ்செலவாகும். பெடல் வகையை ஒரு சைக்கிளிலிருந்து இன்னொன்றுக்கு ஐந்து நிமிடத்தில் மாற்றலாம் என்பது பெரிய வசதி. எனினும் காலணியின் அடியில் இருந்து பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளீட், ஷிமானோ எஸ்பிடி-எஸ்எல் வகையா லுக் கியோ வகையா என்று பார்க்காமல் வாங்கி, பிறகு கிளீட்டையும் மாற்றி, அதனால் காலணியின் நிலை பிசகி முழங்கால் வலியோடு வந்தவர்களை எங்கள் காலைக் குழுவிலேயே கண்டிருக்கிறேன்.

பழுதானால் யாரிடம் கொடுப்பது என்பதையும் பணம் கொடுக்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழையில் என் கருவியின் மின்கல மூடிக்குள் ஈரம் புகுந்து அது ஊமையானது. வாங்கிய கடையில் கேட்டபோது, நாமே வெளிநாட்டுக்கு அனுப்பி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கைவிரித்துவிட்டார்கள். போகவர அஞ்சல் செலவும், திரும்பி வரும்போது சுங்கத்தில் அளிக்க வேண்டியிருந்த விளக்கங்களுமாக இரண்டரை மாதம் கழிந்தது. அந்தப் பருவத்தின் பயிற்சிக் கணக்கு முழுவதும் போயிற்று. அதன் பிறகு, மூடியின் ரப்பர் வளையத்தை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறேன்; கடலோரச் சாலையில் ஓட்டிய ஒவ்வொரு நாளும் நன்னீரில் நனைத்த துணியால் உப்பைத் துடைக்கிறேன். எந்த ஊரின் கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும் சிஆர்2032 மின்கலத்தில் இயங்கும் கருவி, தனக்கென்று தனிச் சார்ஜர் கேட்கும் கருவியைவிட நெடுந்தூரப் பயணத்துக்கு ஏற்றது என்பது என் துணிபு. மறுமுறை சார்ஜ் செய்யும் வகையை விரும்புபவர்கள் அந்தச் சார்ஜரில் ஒன்றைக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இறுதியாக, பழைய பொருளை வாங்குவது பற்றி ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். விலை கருதி, பவர் மீட்டரோடு கூடிய பயன்படுத்திய கிராங்குகளை வாட்ஸ்அப் குழுக்கள் வழியாக வாங்குவோர் இப்போது மிகுந்துவிட்டார்கள். 2012 ஜூன் முதல் 2019 ஜூன் வரை தயாரான, பின்சக்கரத்தில் 11 பல்சக்கரங்கள் கொண்ட சைக்கிள்களுக்கான அல்டெக்ரா, டியூரா-ஏஸ் கிராங்குகளில் ஒட்டிய பகுதிகள் பிரிந்துவிடும் குறைபாடு இருப்பதாக ஷிமானோ நிறுவனம் 2023 செப்டம்பரில் அறிவித்து, உலகெங்கும் சுமார் 28 லட்சம் கிராங்குகளைப் பரிசோதனைக்கு உட்படுத்தியது. அமெரிக்காவில் அந்த அறிவிப்பு வெளியானபோது, கிராங்க் பிரிந்த 4,519 நிகழ்வுகளும் ஆறு பேர் காயமுற்றதும் குறிப்பிடப்பட்டிருந்தன. ஷிமானோவே பவர் மீட்டர் பதித்து விற்ற எஃப்சி-ஆர்9100-பி மாதிரியும் அந்தப் பட்டியலில் உண்டு. எஃப்சி-6800, எஃப்சி-9000, எஃப்சி-ஆர்8000, எஃப்சி-ஆர்9100 ஆகியவை மற்றவை. இவற்றில் எத்தனையோ இன்னும் பரிசோதிக்கப்படாமலே கைமாறிக்கொண்டிருக்கின்றன என்று அஞ்சுகிறேன். மலைச் சரிவில் எழுந்து நின்று மிதிக்கும்போது கிராங்க் பிரிந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கிராங்கின் உட்புறத்தில் உள்ள மாதிரி எண்ணும் ஈரெழுத்துத் தயாரிப்புக் குறியீடும் தெளிவாகத் தெரியும் புகைப்படத்தைக் கேட்டுப் பெற்று, பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே முன்பணம் அனுப்ப வேண்டும். என் கடிதம் முழுவதற்கும் இடமில்லையென்றாலும், இந்தப் பத்தியை மட்டுமாவது வரும் ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
நெடுநாள் வாசகர்,
தாம்பரம்.