நீ அனுப்பிய கடல்பாசிச் சாறும் நம் கடலைக் காடும்

அம்மிணிக்கு,

போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, அதனால் எழுதியே உன் தம்பியிடம் கொடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நீ போட்டுவிட்ட கடல்பாசி பாட்டில் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. லேபிளைப் படித்தேன், மண்டபம் பக்கம் கடலில் மிதவை கட்டி வளர்க்கிறார்களே, அந்தச் சிவப்புப் பாசியின் சாறுதான்.

இதை அடித்தால் யூரியா, டிஏபி வாங்க வேண்டாமா என்று கேட்டாய். வாங்கத்தான் வேண்டும் கண்ணு. இது உரம் இல்லை. இதில் இருக்கும் சைட்டோகைனின் மாதிரியான ஊக்கிகள் வேரையும் தளிரையும் உசுப்பிவிடும், வெயிலைக் கொஞ்சம் தாங்கவைக்கும், மண்ணில் கிடக்கிற சத்தைச் செடி கூடுதலாக இழுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். வெறும் இலையைப் போட்டு உட்காரவைத்து இஞ்சி மொரப்பா கொடுத்தால் வயிறு நிறையுமா?

கடலைக் காட்டில் நான் பட்டதும் அதுதான். மேற்கால இருக்கும் சுண்ணாம்பு மண் துண்டில் வழக்கம்போல இலை மஞ்சளித்தது. பாட்டில்தான் வந்துவிட்டதே என்று அதையே அடித்துவிட்டுக் காத்திருந்தேன், புதுக்கொழுந்தும் மஞ்சளாகவே வந்தது. அந்த மண்ணில் இரும்பு இருக்கிறது, சுண்ணாம்பு அதை வேருக்கு எட்டவிடாமல் பிடித்துவைத்துக்கொள்கிறது. அப்புறம் பத்து லிட்டருக்கு 50 கிராம் அன்னபேதி, அதாவது இரும்புச் சத்து உப்பு, கரைத்து அடித்தபிறகுதான் பச்சை திரும்பியது. இரண்டு வாரம் வீண்.

சின்ன வெங்காயத்தில் கதை வேறு. அடியுரம், தொழுவுரம் எல்லாம் போட்ட காடு அது. லிட்டருக்கு 3 மில்லி கணக்கில், நட்ட 20-ஆம் நாளும் 40-ஆம் நாளும் சாயங்காலம் அடித்தேன். இரண்டு பாத்திக்கு மட்டும் வெறும் தண்ணீர்தான். உன் அம்மா சிரித்தாள், ஆனால் அப்படி விட்டுவைக்காவிட்டால் மழைக்குத் தேறியதா மருந்துக்குத் தேறியதா என்று எவனுக்குத் தெரியும்? போன வார வெயிலில் அந்த இரண்டு பாத்தியில் தாள் நுனி கருகிவிட்டது, மற்றதில் அவ்வளவாக இல்லை.

முருங்கைத் தழையிலும் இதே மாதிரி ஒரு சாறு செய்து பார்க்கிறேன். அரவக்குறிச்சிக்காரனுக்கு முருங்கைத் தழைக்கா பஞ்சம்? கவாத்து பண்ணினால் வரப்பெல்லாம் தழைதான். அதன் இளந்தளிரில் சியாட்டின் என்ற ஊக்கி நிறைய இருக்கிறது. அரைத்துப் பிழிந்து, ஒரு லிட்டர் சாற்றுக்கு 30 லிட்டர் தண்ணீர் சேர்த்து அன்றைக்கே அடித்துவிட வேண்டும், வைத்திருந்தால் நாறிவிடும். முதல் தடவை சரியாக வடிகட்டாமல் ஊற்றி ஸ்பிரேயர் மூக்கு அடைத்துக்கொண்டது. மிக்ஸி ஜார் வாசத்துக்கு உன் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனி.

இன்னொன்று, இனி கேட்காமல் வாங்கி அனுப்பாதே. உரம் இல்லாவிட்டாலும் இந்த வகைச் சரக்கெல்லாம் 2021-லேயே அரசாங்கத்தின் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்துவிட்டது, ஆனாலும் போன போகத்தில் ஒரு கடையில் யூரியா மூட்டை கேட்டதற்கு, கூடவே பேர் தெரியாத டானிக் டப்பா ஒன்றையும் தலையில் கட்டித்தான் விட்டார்கள். அது இன்னும் மாட்டுக்கொட்டாய் பரணில் கிடக்கிறது.

வெங்காயம் பிடுங்க இன்னும் இரண்டு வாரம் ஆகும். பாத்தி பாத்தியாக எடை போடாமல் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்தால் வாருங்கள், தராசு பிடிக்க ஆள் வேண்டும்.

அப்பா