மலையேற ரோபோ பெல்ட் கேட்பவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வெள்ளியங்கிரி சீசன் நெருங்க நெருங்க, "இடுப்பில் கட்டிக்கொண்டு நடக்கிற ரோபோ உங்களிடம் இருக்கிறதா?" என்று கேட்டு வரும் போன்கள் கூடிவிட்டன. 2025-இல் சீனாவின் தைஷான் மலையில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டார்களே, அந்த வீடியோ எல்லார் கைக்கும் வந்துவிட்டது போலிருக்கிறது. எங்களிடமும் இருக்கிறது, வாடகைக்கும் தருகிறோம். ஆனால் கேட்கிற எல்லாருக்கும் தருவதில்லை. வீல்சேர், கட்டில் என்றால் கேள்வி கேட்காமல் அனுப்புகிறவர்கள், இதற்கு மட்டும் ஏன் இத்தனை விசாரணை என்று சிலருக்குக் கோபம். அதற்கான விளக்கம்தான் இந்த மடல்.

கருவி எளிமையானதுதான். இடுப்பில் ஒரு பெல்ட், பக்கத்துக்கு ஒரு மோட்டார், மோட்டாரிலிருந்து தொடைக்கு இறங்கும் ஒரு தண்டு, பின்னால் பேட்டரி. தொடை எந்தக் கோணத்தில், என்ன வேகத்தில் நகர்கிறது என்பதை சென்சார் பார்த்து, அடுத்த அடியை ஊகித்து, தொடையைத் தூக்கிவிடும். சமதரையிலும் ஒரே அளவான படிக்கட்டிலும் இந்த ஊகம் நன்றாக வேலை செய்கிறது. வெள்ளியங்கிரியின் முதல் மலைப் படிகள் அப்படியா இருக்கின்றன? ஒன்று சாண் உயரம், அடுத்தது முழங்கால் உயரம். மேலிருந்து வருபவருக்கு வழிவிடச் சட்டென்று நிற்பீர்கள். மோட்டாருக்கு அது புரிய ஒரு கணம் ஆகும். அந்தக் கணத்தில் தொடைக்குக் கிடைக்கும் தள்ளு இளவட்டங்களை ஒன்றும் செய்யாது. அறுபது வயதைத் தாண்டியவரைத் தடுமாற வைக்க அதுவே போதும். வழுக்குப்பாறை போன்ற இடங்களில் கருவியை அணைத்துவிட்டு மூங்கில் தடியை நம்புங்கள்.

மூட்டுவலிக்காரர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். அவர்களுக்கு உண்மையான சோதனை இறக்கத்தில். இறங்கும்போது சுமை தாங்குவது முழங்காலும் முன்தொடையும். இடுப்பு வகைக் கருவியால் அங்கே பெரிய உதவி கிடையாது. வழியில் சார்ஜ் தீர்ந்துவிட்டால் அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும்.

எங்களை அதிகம் பயமுறுத்துவது விழுவது அல்ல, நெஞ்சு. கால் அசந்தால் உட்காருவோம். கால் அசரவில்லை என்றால் நெஞ்சு படபடத்தாலும் இன்னும் ரெண்டு படி என்று ஏறிக்கொண்டே இருப்போம். சீசனில் ஏறும்போது மூச்சுத்திணறியும் நெஞ்சுவலி வந்தும் பக்தர்கள் இறந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். அதனால் இதய நோயும் கட்டுக்குள் வராத ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் டாக்டர் சீட்டோடு வர வேண்டும். "மலையேறலாம்" என்று டாக்டர் எழுதினால் தருவோம். "கருவி கட்டிக்கொண்டால் ஏறலாம்" என்றால் தர மாட்டோம்.

அப்புறம், கட்டும் முறை. இடுப்பின் பக்கவாட்டில், தொடை மடங்கும் இடத்தில், துருத்தும் எலும்பை விரலால் தேடுங்கள். மோட்டாரின் மையம் அதற்கு நேராக இருக்க வேண்டும். பெல்ட் இரண்டு விரற்கடை இறங்கினாலும் ஒவ்வோர் அடிக்கும் தொடைப்பட்டை தோலை இழுக்கும். மணிக்கணக்கில் நடந்தால் தோல் உரிந்துவிடும். சர்க்கரை நோயால் மரத்துப்போன தோலுக்கு அது தெரியாது. முதல் தடவை கால் மணி நேரம் கட்டி, கழற்றி, தோலைப் பாருங்கள். சிவப்பு அரை மணியில் மறையவில்லை என்றால் அளவு சரியில்லை. வேட்டியோடு கட்டவே கூடாது. தொங்கும் துணி மூட்டில் சிக்கும். ட்ராக் பேன்ட் போட்டு வாருங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

பக்கவாதம், முதுகுத்தண்டு காயம் உள்ளவர்களின் வீட்டார் கவனத்துக்கு: மேலே சொன்ன பெல்ட் உங்களுக்கானது அல்ல. எழுந்து நிற்கவும் நடக்கவும் வைக்கும் மருத்துவ வகை வேறு. ரீவாக் என்ற கருவிக்கு 2014-இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி தந்தபோதே, பயிற்சி பெற்ற துணையாள் உடனிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. 100 கிலோவுக்குள் எடை, 160 முதல் 190 செ.மீ. உயரம் என்ற வரம்பும் உண்டு. இந்த வகைக்கு எஃப்.டி.ஏ. சொல்லும் ஆபத்துகளில் விழுதல், அழுத்தப்புண், ரத்த அழுத்த மாற்றம், பேட்டரி முன்கூட்டியே செயலிழப்பது எல்லாம் அடக்கம். நாங்கள் கூடுதலாகச் சொல்வது எலும்பைப் பற்றி. பல காலம் நடக்காத காலின் எலும்பு மெலிந்துவிடும். கணுக்கால் கோணம் கொஞ்சம் பிசகினாலும் முறியலாம். உணர்ச்சியில்லாத காலில் வலி வராது, வீக்கம்தான் காட்டிக்கொடுக்கும். எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் பிசியோதெரபிஸ்டும் இல்லாமல் வீட்டில் முயலாதீர்கள். நாங்களும் அதை வீட்டுக்குத் தருவதில்லை.

கோடவுன் வைத்திருப்பவர்கள் வாங்கும் முதுகுத் தாங்கி உடுப்பில் மோட்டார் இல்லை, ஸ்பிரிங்தான். முதுகின் சுமையை நெஞ்சுக்கும் தொடைக்கும் மாற்றுகிறதே தவிர, சுமை எங்கும் போய்விடுவதில்லை. 25 கிலோ சிப்பம் தூக்கிய ஆளை இது இருக்கிறதே என்று 50 கிலோ தூக்கச் சொல்லாதீர்கள்.

ரோபோ பெல்ட்டில் இருக்கும் பேட்டரி லித்தியம். உப்பியிருந்தாலோ கீழே விழுந்து நசுங்கியிருந்தாலோ சார்ஜ் போடாமல் எங்களிடம் கொண்டு வாருங்கள். அடிவாரத்தில் வண்டிக்குள் வெயிலில் விட்டுப் போக வேண்டாம். விமானத்தில் போகிறவர்கள் தனி பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-ஹவரைத் தாண்டினால் விமான நிறுவனத்தின் அனுமதி தேவை.

வாடகைக்கு எடுப்பவர் நேரில் வர வேண்டும், மகனோ டிரைவரோ வந்தால் தர முடியாது. மலைக்குப் போடும் அதே ஷூவோடு, சாப்பிட்ட கையோடு வராமல், அரை மணி நேரம் ஒதுக்கி வாருங்கள். கடை மாடிப்படியில் ஏறி இறங்க வைத்துப் பார்த்துத்தான் பில் போடுவோம். ஞாயிறு மதியம் கடை கிடையாது.

இப்படிக்கு,
சர்ஜிக்கல் வாடகைப் பிரிவு,
சிறுவாணி ரோடு, கோயம்புத்தூர்